மூச்சும் நெருப்பும்

நவம்பர் பாதியில் ரெஜைனா நகரத்து வீடுகள் கதவு ஜன்னல்களை இறுக்கிச் சாத்திக்கொள்கின்றன. அதிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கு மட்டும்தான். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் இருக்கிறது இந்த ஊர். எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இங்கே நான் ஒரு பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். ஜன்னல்களைச் சாத்தியதுமே அந்த நீரின் பிஎச் இறங்கத் தொடங்கிவிடும். கோடையில் விடியற்காலை 8.1, மாலை 8.3 என்று அளவியின் வரைபடத்தில் ஏறி இறங்கிய கோடு மெல்லச் சரிந்து 7.8க்கும் 8.0க்கும் நடுவே வந்து நிற்கும். உப்பு கோடையில் இருந்த அதே ஆயிரத்துக்கு 35 பங்குதான். வெப்பமும் அதே 25 டிகிரி. கால்சியம், மக்னீசியம், ஆல்கலினிட்டி எதிலும் குறைவில்லை. விளக்கு எரியும் நேரம்கூட மாறவில்லை. தொட்டிக்குள் ஒன்றும் மாறாதிருக்க, நீர் மட்டும் மாறுகிறது. குளிர் நாடுகளில் பவளம் வளர்ப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் காண்பது இது. இதைச் சரிசெய்யும் வழிகள் பல உண்டு. அவற்றையும் சொல்கிறேன். ஆனால் இது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தது அந்த வழிகளைவிடப் பெரியது.

பிஎச் என்ற அளவை 1909இல் வகுத்தவர் டென்மார்க்கின் வேதியியலாளர் சோரன் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் நொதிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஒரு திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை எழுத வேண்டுமானால் புள்ளிக்குப் பின் ஏழெட்டுச் சுழியங்கள் போட வேண்டியிருந்தது. அவர் அதை மடக்கைக் கணக்கில் சுருக்கினார். எழுத வசதியாயிற்று. கூடவே, பெரிய மாற்றங்கள் சின்ன எண்களுக்குள் போய் மறைந்துகொள்ளவும் வழியாயிற்று. 8.2 என்பது 7.8 ஆவது பார்வைக்கு அற்பமாகத் தெரியும். உண்மையில் அந்த நீரில் அமிலத்தன்மை தரும் அயனிகள் இரண்டரை மடங்காகிவிட்டன. பிஎச் அளவில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதைப் பவளம் வளர்ப்பவர் முதலில் கற்றுக்கொள்கிறார்.

இந்த அமிலம் எங்கிருந்து வந்தது? விடை நம் பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலேயே இருக்கிறது. சோதனைக் குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்து, உறிஞ்சு குழாயால் அதற்குள் ஊதச் சொல்வார்கள். நாலைந்து மூச்சில் நீர் பால்போல் வெளுத்துவிடும். நாம் வெளிவிடும் காற்றில் கரியமில வாயு இருக்கிறது என்பதற்கு அது சான்று. 1750களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் சுண்ணாம்பு நீரைக் கொண்டு கண்டறிந்த உண்மைதான் இன்றைக்கும் வகுப்புதோறும் செய்து காட்டப்படுகிறது. வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு கரியமில வாயு. ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடுவது சுமார் ஒரு கிலோ. எங்கள் வீட்டில் நான்கு பேர். நான்கு பேரின் ஒரு நாள் மூச்சைச் சேர்த்தால் இரண்டாயிரம் லிட்டர் கரியமில வாயு தேறும். கோடையில் அது ஜன்னல் வழியே போய்விடுகிறது. குளிர்காலத்தில் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி, கடைசியில் நீரைக் கண்டுபிடித்துக் கரைகிறது.

வெளிக்காற்றில் இன்றைக்குக் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்துக்கு 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. மூடிய வீட்டில் அது சாதாரணமாக ஆயிரத்தைத் தொடும். இரவில் கதவு சாத்திய படுக்கையறையில் இரண்டாயிரத்தையும் தாண்டும். ஆயிரத்துக்குள் இருந்தால்தான் ஓர் அறையின் காற்று நல்ல காற்று என்று 1858இலேயே சொன்னவர் மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். அந்த எண்ணைத்தான் காற்றோட்டம் பற்றிப் பேசுபவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடல் நீரின் ஆல்கலினிட்டி மாறாமல் இருக்க, மேலே உள்ள காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் நீரின் பிஎச் ஏறக்குறைய 0.3 இறங்கும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே என் தொட்டியில் விழும் வித்தியாசத்தை இந்த ஒரு கணக்கு முழுதாக விளக்கிவிடுகிறது. தொட்டியில் மாட்டியிருக்கும் மின்முனை நீரைத்தான் அளக்கிறது. ஆனால் அது சொல்வது எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதை.

இந்த ஊரில் இப்படிக் காற்றுப் புகாமல் இறுக்கிய வீடுகள் அமைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, வீட்டின் வெப்பம் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்ற எண்ணம் குளிர் நாடுகளில் பரவியது. 1977இல் ரெஜைனாவில் சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற மாதிரி வீடு கட்டப்பட்டது. ஹரால்ட் ஓர் முதலான பொறியாளர்கள் சுவர்களைத் தடிப்பாக்கி, காற்று புகும் இடுக்குகளையெல்லாம் அடைத்தார்கள். அப்படி அடைத்தால் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்கு என்ன வழி என்பதையும் அவர்களே யோசித்தார்கள். வெளியேறும் பழங்காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்றை வீட்டோடு சேர்த்தே வைத்தார்கள். இன்று கனடாவின் புதிய வீடுகளில் எச்ஆர்வி என்ற பெயரில் ஓடுவது அதன் வழிவந்ததுதான். வீட்டை இறுக்கிக் கட்டினால் மூச்சு விடவும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது அந்த முதல் வீட்டிலேயே தெரிந்திருந்தது. மைனஸ் 30இல் அந்தக் கருவிக்குள்ளும் பனி உறைகிறது. அதை உருக்குவதற்காகக் கருவி வெளிக்காற்றை அடிக்கடி நிறுத்திக்கொள்கிறது. வீட்டுக்கு அதிகம் காற்று தேவைப்படும் நாளில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

*

பிஎச் இறங்கியதற்கு வீட்டுக் காற்றுதான் காரணமா என்று உறுதி செய்ய ஓர் எளிய சோதனை இருக்கிறது. பவளத் தொட்டிக்காரர்கள் பலரும் செய்வது. தொட்டியிலிருந்து ஒரு கோப்பை நீர் எடுத்து பிஎச் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அதை வெளியே கொண்டுபோய், சின்ன காற்று மோட்டாரின் குழாயை உள்ளே விட்டு ஒரு மணி நேரம் குமிழ விட வேண்டும். இந்தக் குளிரில் கோப்பையை வெளியே வைத்தால் அதற்குள் பனிக்கட்டி கட்டத் தொடங்கிவிடும். ஆகவே கராஜுக்குப் போகும் கதவை ஒட்டிக் கோப்பையை வீட்டுக்குள்ளேயே வைத்து, காற்றை மட்டும் வெளியிலிருந்து இழுக்கிறேன். முதலில் குமிழிகள் பெரிது பெரிதாக வந்து வெடிக்கும். கோப்பையின் ஓரத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். எடுத்தபோது 7.82 காட்டிய நீர், ஒரு மணி நேரம் கழித்து 8.15 காட்டும். எந்த மருந்தும் சேர்க்கவில்லை. நீர் தன்னிடம் இருந்த அதிகப்படி வாயுவை வெளியே விட்டது, அவ்வளவுதான். அதே நீரை வீட்டின் நடு அறையில் வைத்து இன்னொரு மணி நேரம் குமிழ விட்டால் எண் திரும்ப இறங்கிவிடும். நீரில் குற்றமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள் கடையில் கிடைக்கும் பிஎச் உயர்த்தும் பொடிகளை நாடுகிறார்கள். அதனால் என்ன நேர்கிறது என்று புரிந்துகொள்ள ஆல்கலினிட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற கார இருப்பைத்தான் அப்படிச் சொல்கிறோம். டிகேஎச் என்ற அலகில் சொன்னால் கடலில் அது சுமார் 7. கரியமில வாயு நீரில் கரையும்போது இந்த இருப்பு குறைவதே இல்லை. வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அமிலம் ஒரு ஹைட்ரஜனை விட்டுவிட்டு பைகார்பனேட் ஆகிறது. விடுபட்ட ஹைட்ரஜன் அங்கே இருக்கும் கார்பனேட்டைப் பற்றிக்கொண்டு அதையும் பைகார்பனேட் ஆக்குகிறது. மொத்தக் காரம் அப்படியே இருக்க, பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான கார்பனேட் மட்டும் குறைகிறது. இந்த நிலையில் பொடியைக் கொட்டினால் பிஎச் சில மணி நேரம் ஏறும். அறைக் காற்று மறுபடியும் அதைக் கீழே இழுக்கும். சேர்த்த காரம் மட்டும் நீரில் தங்கிவிடும். மறுநாளும் கொட்டினால் 9, அதற்கடுத்து 11 என்று அது ஏறிக்கொண்டே போகும். பம்பின் மேலும் ஹீட்டரின் மேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். பல தொட்டிகளில் அக்ரோபோரா என்ற பவளத்தின் நுனிகள் வெளுத்துத் தசை உரிந்துவிடுகிறது. எண்ணைக் குணப்படுத்தப் போய் உயிரைக் காயப்படுத்துவது இது.

பவளத்துக்குக் குறைந்த பிஎச் உடனே கொல்லும் நஞ்சு அல்ல. அது ஒரு செலவு. பவளத்தின் எலும்புக்கூடு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கல். தசைக்கும் கல்லுக்கும் நடுவே இழை அளவே உள்ள இடத்தில் ஒரு திரவம் இருக்கிறது. அதற்குள்தான் கல் உருவாகிறது. அந்தத் திரவத்தின் பிஎச்சை வெளி நீரைவிட உயர்வாக வைத்துக்கொள்ளப் பவளம் ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு கால்சியத்தையும் உள்ளே எடுக்க இரண்டு ஹைட்ரஜனை வெளியேற்றுகிறது. ஓட்டை வள்ளத்திலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே கரைக்குப் போவது போன்ற வேலை அது. வெளி நீரில் ஹைட்ரஜன் எவ்வளவு அதிகமோ, இறைப்பதற்கு அவ்வளவு பாடு. அதற்கான சக்தியைத் தருபவை தசைக்குள் வாழும் நுண்பாசிகள். 1950களில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு, பவளம் இருளைவிட வெளிச்சத்தில் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பு கட்டுகிறது என்று காட்டினார். பகலில் பாசிகள் கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரை செய்கின்றன. நீரின் பிஎச் ஏறுகிறது. இரவில் தொட்டியில் உள்ள எல்லா உயிர்களும் மூச்சு மட்டும் விடுகின்றன. பிஎச் இறங்குகிறது. குளிர்காலத்தில் அந்த இரவு இறக்கத்தின் மேல் வீட்டாரின் மூச்சும் வந்து சேர்கிறது. அதனால்தான் விடியற்காலையில் எண் மிகக் கீழே இருக்கிறது.

*

வைத்தியம் என்று பார்த்தால் முதலாவது, ஜன்னலைத் திறப்பது. ஐந்து நிமிடம் இரண்டு எதிர் ஜன்னல்களைத் திறந்தால் அறையின் காற்று பெருமளவு மாறிவிடும். ஒரு குளிர்காலத்தில் என் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். தைப்பொங்கல் அன்று நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எரிவாயு அடுப்பில் காலையிலிருந்து பொங்கலும் குழம்பும். வீடு நிறையப் பேச்சு. எல்லோரும் போன பிறகு பார்த்தால் கோடு 7.7க்கு இறங்கியிருந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன்.

“எய்யா, வெளிய இப்பிடி பனி கொட்டுது, ஜன்னலத் தொறந்து போட்டிருக்கியே? பிள்ளைகளுக்குச் சளி புடிச்சிராது?”

“அஞ்சு நிமிசம்தாம்மா. தொட்டிக்குக் கொஞ்சம் நல்ல காத்து வேணும்.”

“தண்ணிக்குள்ள கெடக்குறதுக்கு எதுக்குய்யா காத்து?”

சரியான கேள்வி. நீருக்குள் இருப்பதற்குத்தான் காற்று இன்னும் அதிகம் தேவை. அது போய்த் தேட முடியாது. நீரின் மேல்தோலைத் தொடும் காற்று எதுவோ அதுதான் அதற்கு வாய்த்தது. அம்மாவுக்கு அன்று அந்தக் கோட்டைக் காட்டினேன். விருந்தினர் வந்த நேரம், அடுப்பு எரிந்த நேரம், ஜன்னல் திறந்த நேரம் மூன்றும் அதில் தெரிந்தன. பார்த்துவிட்டு அவரே மறுநாள் காலை குசினி ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தார்.

மைனஸ் 30இல் ஜன்னலை நம்பி நாள் முழுதும் இருக்க முடியாது. அதற்கு ஒரு குழாய் போதும். தொட்டியின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை உறிஞ்சி மிக நுண்ணிய குமிழிகளாக நீரோடு கலக்குகிறது. அதன் காற்றுவாயில் ஒரு குழாயைப் பொருத்தி, சுவரில் துளையிட்டு வெளியே நீட்டினால் தொட்டி வெளிக்காற்றையே மூச்சாக இழுக்கும். நீர் குளிர்ந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அதே கன அளவு நீரோடு ஒப்பிட்டால் காற்று சுமக்கும் வெப்பம் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குழாயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அறையின் ஈரம் குழாயின் மேற்புறத்தில் முத்து முத்தாக வியர்க்கிறது. சுவரை ஒட்டிய கால் அடியில் அந்த வியர்வை வெண்மையாக உறைகிறது. விரலால் தொட்டால் ஊசிபோல் குத்தும். இரண்டடி தள்ளி நீர் 25 டிகிரியில் பவளத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெள்ளை வளையத்தைத் தினமும் துடைத்து, குழாய்க்குத் துணி உறை போடுவது இங்கே பவள வளர்ப்பில் ஒரு பகுதி.

சுவரைத் துளைக்க முடியாத வாடகை வீடுகளில் இருப்பவர்கள் சோடா சுண்ணாம்பைப் பயன்படுத்துகிறார்கள். அறுவை அரங்குகளில் மயக்க மருந்துக் கருவிக்குள் இருக்கும் அதே வெள்ளைக் குருணை. நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கத்தான் அதை அங்கே வைக்கிறார்கள். ஸ்கிம்மர் இழுக்கும் காற்றை அதன் வழியே விட்டால் வாயு அங்கேயே தங்கிவிடும். குருணை தீரத் தீர வெள்ளை ஊதாவாக மாறும். உலர்ந்த குளிர்காலக் காற்றில் அது சரியாக வேலை செய்யாது, ஈரம் வேண்டும். அதனால் ஸ்கிம்மரின் கோப்பையிலிருந்து வெளிவரும் ஈரக் காற்றையே திரும்ப அதற்குள் செலுத்துவார்கள். இன்னொரு வழி, தொட்டியின் கீழறையில் கீட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசியை வளர்த்து, மேலே விளக்கு அணையும்போது அங்கே விளக்கு ஏற்றுவது. மேலே உள்ளவை மூச்சு விடும் நேரத்தில் கீழே உள்ளது அந்த மூச்சை உண்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வழி. சுண்ணாம்புத் தெளிநீர். ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ் 1970களில் பரப்பியது. உலகெங்கும் கால்க்வாசர் என்ற ஜெர்மன் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தூய நீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் கண்ணாடி போன்ற நீரைச் சொட்டுச் சொட்டாக இரவில் தொட்டிக்குள் விட வேண்டும். ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக இதுவே சேரும். அதன் பிஎச் 12.4. வேகமாக விட்டால் ஆபத்து. சொட்டாக விட்டால் அது நீரில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு கால்சியம் பைகார்பனேட் ஆகிறது. இரவில் மிஞ்சிக் கிடந்த மூச்சு, பவளம் கல் கட்டுவதற்கான பொருளாகிவிடுகிறது. பள்ளியில் சோதனைக் குழாய்க்குள் ஊதியபோது சேர்ந்த அதே சுண்ணாம்பும் மூச்சும்தான் இங்கேயும் சேர்கின்றன.

*

இந்தக் குளிர்காலப் பிரச்சினையை மிகப் பெரிய அளவில் சந்தித்த ஒரு தொட்டி உண்டு. அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தின் பயோஸ்பியர் 2. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் ஒரு பெரிய கண்ணாடி வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். உள்ளே மழைக்காடு, வயல், சதுப்பு நிலம், கூடவே லட்சக்கணக்கான லிட்டர் கொள்ளும் ஒரு கடல். அந்தக் கடலில் கரீபியன் பகுதியிலிருந்து கொண்டுவந்த பவளங்கள். கடலைப் பார்த்துக்கொண்டவர் அபிகேல் ஆலிங். குளிர்காலத்தில் பகல் குறுகியது, மேகமும் மூடியது. செடிகள் கரியமில வாயுவை எடுப்பது குறைந்தது. மண்ணின் நுண்ணுயிர்கள் மட்டும் ஓயாமல் மூச்சு விட்டன. உள்ளே இருந்த காற்றில் கரியமில வாயு 4,000ஐ ஒட்டி ஏறியது. கடலின் பிஎச் இறங்கியது. அவர்கள் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்த்து அதைத் தாங்கிப் பிடித்தார்கள். திறக்க ஜன்னல் இல்லாதபோது செய்ய முடிந்தது அதுதான்.

அங்கே நடந்த இன்னொன்று என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. உள்ளே ஆக்ஸிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 14ஐ நெருங்கும்வரை குறைந்தது. அவ்வளவு ஆக்ஸிஜன் செலவானால் அதற்கு ஈடாகக் கரியமில வாயு இன்னும் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அது எங்கே போயிற்று என்று ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் பிராக்கர் முதலானோர் தேடிக் கண்டுபிடித்தார்கள். கட்டடத்தின் கான்கிரீட் அதைக் குடித்திருந்தது. கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பு, வாயுவோடு சேர்ந்து கல்லாகிக்கொண்டிருந்தது. சுவரே ஒரு சோடா சுண்ணாம்புக் குடுவையாக வேலை செய்திருக்கிறது. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்த இடத்தை நடத்தியபோது கிறிஸ் லாங்டன் அதே கடலில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தார். நீரில் கார்பனேட் குறையக் குறைய, பவளச் சமூகம் சுண்ணாம்பு கட்டுவதும் குறைந்தது. நாளானால் பழகிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கடல் இடம் தரவில்லை.

*

சுண்ணாம்பு இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அது மன்னார் வளைகுடாவிலிருந்தே வருகிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். என் தொட்டியில் வளரும் அக்ரோபோராவும் மான்டிபோராவும் அங்கேயும் உண்டு. என்னிடம் இருப்பவை அங்கிருந்து வந்தவை அல்ல. வேறு தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிலிருந்து ஒடித்துத் தந்த துண்டுகள். அந்தப் பார்களைப் பல காலம் வெட்டி எடுத்துக் கட்டடத்துக்கும் காளவாசலுக்கும் கொண்டுபோனார்கள். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். கல் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற 2001 ஆயிற்று.

காளவாசலில் நடப்பதையும் என் தொட்டியில் நடப்பதையும் அடுத்தடுத்து வைத்துக் கணக்குப் பார்க்கிறேன். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் ஒரு பங்கு கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சும் சுண்ணாம்பை நீற்றித் தெளிநீராக்கித் தொட்டியில் விட்டால், அது இரண்டு பங்கு கரியமில வாயுவைப் பிடிக்கிறது. பவளம் அந்த பைகார்பனேட்டிலிருந்து கல் கட்டும்போது ஒரு பங்கை மறுபடி நீரில் விடுகிறது. வெளியே ஒன்று, உள்ளே இரண்டு, மறுபடி வெளியே ஒன்று. கூட்டிக் கழித்தால் சுழியம். எங்கோ ஒரு மலையில் இருந்த கல், காளவாசல் வழியாக வந்து என் தொட்டியில் பவளக் கல்லாக நிற்கிறது. கணக்கில் ஈடாகாமல் நிற்பது ஒன்றே ஒன்று. காளவாசலை எரித்த விறகோ நிலக்கரியோ எரிவாயுவோ விட்ட புகை.

இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டு கரியமில வாயுக்கள் தனித்தனியாகத் தெரிந்தன. மூலக்கூறைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வந்த வழி வேறு. என் வீட்டுத் தொட்டியை அமிலமாக்குவது பெரும்பாலும் மூச்சு. அந்த மூச்சின் கார்பன் நாங்கள் தின்ற அரிசியிலிருந்தும் பருப்பிலிருந்தும் வந்தது. அந்த அரிசி அதைச் சென்ற அறுவடையில் காற்றிலிருந்து எடுத்தது. எடுத்ததைத்தான் திருப்பித் தருகிறோம். வெளியுலகின் கணக்கில் மூச்சு குற்றமற்றது. மூடிய அறையில் மட்டும் அது தேங்கித் தொல்லை தருகிறது. நெருப்பு அப்படியல்ல. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த கார்பன். எரித்தால் அது புதிதாகக் காற்றில் சேர்கிறது. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது வெளிக்காற்றில் 315 பங்கு இருந்தது. என் குழாய் இன்று உள்ளே இழுக்கும் நல்ல காற்றில் அது நூறு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. நாம் வெளிவிடும் புகையில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2ஐ ஒட்டியிருந்த கடல்மேற்பரப்பின் பிஎச் இப்போது 8.1ஐ ஒட்டி நிற்கிறது. சோரன்சனின் சுருக்கெழுத்தை விரித்துப் பார்த்தால், ஹைட்ரஜன் அயனிகள் நூற்றுக்கு முப்பது அளவுக்குக் கூடியிருக்கின்றன.

பவளம் வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. என் தொட்டியின் விளக்கும் பம்பும் ஹீட்டரும் ஓடும் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த மாகாணத்தின் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறப்பது. வீட்டை வெதுவெதுப்பாக்கும் உலையின் புகை கூரைக்கு மேலே போகிறது. எந்த வெளிக்காற்றைத் தொட்டிக்கு நல்லது என்று குழாய் போட்டு இழுக்கிறேனோ, அதற்குள்தான் அதுவும் போகிறது. அதனால் தொட்டியைக் கலைத்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பவளத்தை அருகில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் 0.1 என்பது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். ஆனால் அப்படித் தெரிந்தவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. குறைவான மின்சாரம் தின்னும் எல்இடி விளக்கு, வேண்டிய அளவுக்கு மட்டுமே தொட்டி, சூட்டை வெளியே விடாத மூடியும் உறையும், கடலிலிருந்து புதிதாக ஒரு துண்டும் எடுக்காமல் இருப்பது, இவையெல்லாம் என் கையில் இருப்பவை.

குளிர்காலத் தொட்டிக்கு நான் இப்போது கேட்பது கோடையின் 8.3 அல்ல. 7.9ஐச் சுற்றி நின்றால் போதும். ஆல்கலினிட்டி நாளுக்கு நாள் ஆடாமல் இருக்க வேண்டும், குழாய் அடையாமல் இருக்க வேண்டும், தெளிநீர் இரவில் சொட்ட வேண்டும். பவளம் இந்த மாதங்களில் மெதுவாக வளரும். வளரட்டும். மூச்சால் வந்த அமிலத்துக்கு ஜன்னலும் குழாயும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதுமான மருந்து, ஏனென்றால் வீட்டுக்கு வெளியே இதைவிட நல்ல காற்று ஒன்று இருக்கிறது. நெருப்பால் வந்த அமிலத்துக்கு அந்த மருந்து எடுபடாது. கடலின் மேலே இருக்கும் காற்றுக்கு வெளிப்புறம் என்று ஒன்று கிடையாது. கடலில் சுண்ணாம்பைக் கொட்டிக் கணக்கை நேராக்கலாம் என்றால், அந்தச் சுண்ணாம்பையும் ஒரு காளவாசலில்தான் சுட வேண்டும். எரிப்பதைக் குறைப்பது ஒன்றே அங்கே வைத்தியம். ஒரு வீட்டுத் தொட்டியைப் பல குளிர்காலங்களில் உயிரோடு கடத்திக்கொண்டுவர உழைத்த எவரும் இதை உரக்கச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நம்புகிறேன்.